ஏழாம் தேதிக் கணக்கு

மற்றவர்களுக்கு மாதம் ஒன்றாம் தேதி பிறக்கும். எனக்கு ஏழாம் தேதிதான். அன்று காலை எட்டு மணிக்கெல்லாம் கைபேசி அடிக்கத் தொடங்கிவிடும். "அண்ணே, இன்னும் ஏறலையே" என்று தேவகோட்டை ரஸ்தாவிலிருந்து ஒரு குரல். "ஏறும்ப்பா, பதினோரு மணிக்குள்ள ஏறிடும்" என்று நான். வங்கி திறந்து, பட்டியலை ஏற்றி, 183 பேர் கணக்கிலும் சம்பளம் விழுந்த பிறகுதான் எனக்குக் காப்பி தொண்டையில் இறங்கும்.

காரைக்குடியில் ஆள் அனுப்பும் தொழில் செய்கிறேன். பலகையில் 'மேன்பவர் சர்வீஸ்' என்று போட்டிருக்கிறது; ஊரில் 'காண்ட்ராக்ட் ஆபீஸ்' என்பார்கள். கல்லூரிக்குத் துப்புரவு ஆட்கள், ஆஸ்பத்திரிக்கு வார்டு ஆட்கள், பழைய வீட்டை ஹோட்டலாக்கியவர்களுக்கு சீசன் நேரத்து ஆட்கள், தீபாவளிக்கு ஜவுளிக்கடையில் இருபது நாள் நிற்க சேல்ஸ் பிள்ளைகள். வேலை அவர்கள் இடத்தில். சம்பளம், பி.எஃப்., இ.எஸ்.ஐ. எல்லாம் என் பெயரில். இருபது வருஷம் ஓடிவிட்டது. இதில் எழுத என்ன இருக்கிறது என்றுதான் நினைத்திருந்தேன். போன மாதம் ஒரு பெரிய ஆர்டர் வந்து, எடுப்பதா விடுவதா என்று இரவு பன்னிரண்டு மணிக்குத் தாளில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது, எங்கள் ஐயா, அதாவது தாத்தா, ஞாபகம் வந்தது. அதற்கு அப்புறம் எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதல் ஆர்டரிலிருந்து சொல்கிறேன். 2006. சென்னையில் ஒன்பது வருஷம் வேலை பார்த்துவிட்டு, அப்பச்சிக்கு, அதாவது அப்பாவுக்கு, உடம்பு சரியில்லை என்று ஊருக்குத் திரும்பியிருந்தேன். பள்ளத்தூரில் ஒரு பெரிய வீட்டில் கல்யாணம். வீட்டுக்காரர்கள் சென்னையில். வீடு பூட்டி ஆறு வருஷம். அந்த வீட்டு ஆச்சி எங்கள் ஆத்தாவுக்குத் தூரத்து உறவு. போனில் கூப்பிட்டு, "தம்பி, பதினோரு நாளைக்கு ஒரு பதினாலு பேரைப் பிடிச்சுக் குடு. நீயே கூட நின்னு பாத்துக்க. எல்லாம் முடிஞ்சதும் கணக்கு முடிச்சுக்கலாம்" என்றார்.

செட்டிநாட்டில் பூட்டிய வீட்டைத் திறப்பது என்றால் என்ன என்பது இந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். முகப்புக் கதவைத் தள்ளியதும் வௌவால் நாற்றம் முகத்தில் அடித்தது. வளவில் பர்மாத் தேக்குத் தூண்களில் விரல் வைத்தால் தடம் பதிகிற அளவுக்குத் தூசி. ஆத்தங்குடிக் கல் பாவிய தரையை மூன்று முறை கழுவி, தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் துடைத்த பிறகுதான் அதில் பூ இருப்பதே தெரிந்தது. இரண்டாங்கட்டு அறையிலிருந்து பித்தளையும் வெண்கலமுமாக இறங்கிய பாத்திரங்களுக்குப் புளி மட்டுமே நாலு கிலோ ஆயிற்று. ஆறு பெண்கள் கிணற்றடியில் உட்கார்ந்து இரண்டு நாள் தேய்த்தார்கள்.

ஆளுக்கு நாளுக்கு 120 ரூபாய் பேசியிருந்தேன். 14 பேர், 11 நாள், 154 ஆள்கூலி, 18,480 ரூபாய். ஆச்சி கல்யாணம் முடிந்துதான் தருவார். வேலைக்கு வந்தவர்களோ பொழுது சாய்ந்ததும் கையை நீட்டுவார்கள். அது நியாயம்தானே? அன்றைய அரிசியை அன்றைக்குத்தான் வாங்க வேண்டும். ஆத்தாவின் சங்கிலியை அடகு வைத்துக் கொடுத்தேன். கல்யாணம் முடிந்து மூன்று வாரம் கழித்து ஆச்சி ஒரு உறையில் 22,000 வைத்து, "மிச்சத்தை நீ வச்சுக்க" என்று அனுப்பிவைத்தார். அடகு வட்டி போக மூவாயிரத்துச் சொச்சம் நின்றது. பரவாயில்லையே, தொழில் இருக்கிறது என்று நினைத்தேன். என்ன தொழில் என்று தப்பாக நினைத்திருக்கிறேன் என்பது புரிய எனக்குப் பத்து வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

சென்னையில் நான் பார்த்ததும் இதே மாதிரி வேலைதான், மறுபக்கத்தில் இருந்து. கிரெடிட் கார்டு கேட்டவர்களின் முகவரியைப் போய்ச் சரிபார்க்கும் வேலை. கழுத்தில் ஒரு வங்கியின் அட்டை, சம்பளச் சீட்டில் வேறு ஒரு கம்பெனி பெயர். 'தேர்ட் பார்ட்டி' என்பார்கள். வீட்டில் கேட்டால் வங்கியில் வேலை என்று சொல்லிக்கொள்வேன். பெண் பார்க்கப் போன இடத்தில் மாமனார் சம்பளச் சீட்டைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் மடித்துத் திருப்பிக் கொடுத்தார். கொடுத்த விதம் இன்னும் மறக்கவில்லை. (பெண் கொடுத்துவிட்டார், அது வேறு கதை.)

இந்தத் தொழிலுக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரில், போர் முடிந்த அடுத்த வருஷம், 1946இல், வில்லியம் ரஸ்ஸல் கெல்லி என்பவர் ஓர் அலுவலகம் திறந்தார். தட்டச்சும் கணக்குக் கூட்டலும் வெளிக் கம்பெனிகளிலிருந்து இவரிடம் வரும், இவர் ஆட்கள் முடித்துக் கொடுப்பார்கள். கொஞ்ச நாளில், "வேலையை ஏன் அங்கே அனுப்ப வேண்டும், ஆளை இங்கே அனுப்புங்களேன்" என்று கம்பெனிகள் கேட்க, தொழிலே மாறிப்போனது. போனவர்கள் பெரும்பாலும் பெண்கள் என்பதால் 'கெல்லி கேர்ள்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. 1966இல்தான் கெல்லி சர்வீசஸ் என்று மாற்றினார்கள். 1948இல் மில்வாக்கியில் எல்மர் வின்டர், ஆரன் ஷைன்ஃபெல்ட் என்று இரண்டு வக்கீல்கள். வழக்குக்கான மனுவைக் குறித்த நாளுக்குள் தட்டச்சு செய்ய வேண்டும், செயலாளர் உடம்பு முடியாமல் விடுப்பில். ஆள் தேடி அலைந்ததில் பிறந்ததுதான் 'மேன்பவர்'. என் பலகையில் இருக்கும் சொல் அவர்கள் கம்பெனியின் பெயர் என்பது பலகை மாட்டி நாலு வருஷம் கழித்துத்தான் எனக்குத் தெரியும்.

எனக்குப் பிடித்தது ஆம்ஸ்டர்டாம் கதை. ஃபிரிட்ஸ் கோல்ட்ஷ்மெடிங் என்ற பொருளாதார மாணவர் தற்காலிக வேலை பற்றியே ஆய்வு எழுதி, 1960இல் நண்பரோடு சேர்ந்து தொழிலைத் தொடங்கினார். முதல் ஆளைத் தன் சைக்கிள் பின்னால் உட்காரவைத்து மிதித்துக்கொண்டு போய் வேலை இடத்தில் இறக்கிவிட்டாராம். அந்தக் கம்பெனிதான் இன்றைய ரான்ஸ்டாட், உலகத்திலேயே பெரிய ஆள் கம்பெனிகளில் ஒன்று. நான் சைக்கிளுக்குப் பதில் டி.வி.எஸ். எக்ஸெல் வைத்திருந்தேன், மூட்டை ஏற்றும் இடத்தில் ஆள் ஏற்றியிருக்கிறேன்.

நம் ஊர்ப் பக்கம் பார்த்தால், சிவகாசிப் பக்கத்துக்காரரான பாண்டியராஜன் 1992இல் மனைவியோடு சேர்ந்து சென்னையில் தொடங்கிய மாஃபா. பின்னால் அரசியலுக்கு வந்து அமைச்சரானபோதும் 'மாஃபா பாண்டியராஜன்' என்றுதான் செய்தித்தாள் எழுதியது. ஆள் கம்பெனியின் பெயரைத் தலையெழுத்து மாதிரி முன்னால் போட்டுக்கொண்ட அமைச்சர் வேறு யாரும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. 2004இல் வேதியோர் என்ற டச்சுக் கம்பெனி மாஃபாவை வாங்கியது. 2008இல் வேதியோரை ரான்ஸ்டாட் வாங்கியது. ஆக, ஆம்ஸ்டர்டாம் சைக்கிள் கடைசியில் சென்னைக்கு வந்துவிட்டது. பெங்களூரில் 2002இல் டீம்லீஸ், 2007இல் பின்னால் குவெஸ் என்று பெயர் மாறிய ஐகியா. 2016இல் இரண்டுமே பங்குச் சந்தைக்குப் போயின.

இந்தப் பிறப்புக் கதைகளில் எல்லாம் ஆள் கிடைத்தது வரைதான் சொல்கிறார்கள். சைக்கிளில் போன அந்த முதல் ஆளுக்கு வாரக் கடைசியில் சம்பளம் எந்தப் பணத்திலிருந்து போயிற்று? வாடிக்கைக் கம்பெனி பில்லுக்குப் பணம் தந்தது எப்போது? எனக்கு அதுதான் கேட்க வேண்டும்.

ஏனென்றால் கணக்கு இப்படி. ஒருவருக்கு மாதம் 12,000 சம்பளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலாளி பங்காக பி.எஃப். நிர்வாகச் செலவெல்லாம் சேர்த்து 13 சதவீதம், 1,560. இ.எஸ்.ஐ. 3.25 சதவீதம், 390. ஆக 13,950 என் கையிலிருந்து போகும். அதற்கு மேல் என் சர்வீஸ் சார்ஜ் ஆறு சதவீதம், 837 ரூபாய். இதுதான் என் வருமானம். மொத்த பில்லுக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. நூறு பேர் என்றால் மாதம் 13,95,000 நான் போட வேண்டும். எனக்கு நிற்பது 83,700. நல்லாத்தானே இருக்கிறது என்று தோன்றும்.

இப்போது தேதியைப் பாருங்கள். சம்பளம் ஏழாம் தேதிக்குள். 1936ஆம் வருஷத்து ஊதியச் சட்டத்திலும் என்னைப் போல் ஆயிரம் பேருக்குக் கீழே வைத்திருப்பவர்களுக்கு அதுதான். 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த புதிய ஊதியச் சட்டத் தொகுப்பிலும் அதுதான். பி.எஃப்., இ.எஸ்.ஐ. பதினைந்தாம் தேதி. ஜி.எஸ்.டி. இருபதாம் தேதி, அதுவும் பில் போட்டாலே கட்ட வேண்டும், பணம் வந்ததா என்று யாரும் கேட்பதில்லை. வாடிக்கைக்காரர் பணம் தருவது அறுபதாம் நாள். அந்த 13,95,000ஐ ஒன்றரை வட்டிக்கு வாங்கிப் போட்டால் இரண்டு மாதத்துக்கு 41,850. என் 83,700இல் பாதி வட்டிக்கே போயிற்று. மிச்சத்தில் ஆபீஸ் வாடகை, இரண்டு சூப்பர்வைசர், பெட்ரோல், சீருடை.

ஆக நான் ஆள் அனுப்பவில்லை. பெரிய பெரிய நிறுவனங்களுக்கு அவர்கள் சம்பளப் பணத்தை அறுபது நாள் கடனாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். ஆள், அந்தக் கடன் போகிற வண்டி. ஆறு சதவீதத்துக்கு சர்வீஸ் சார்ஜ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள், அது வட்டி. சுற்றிச் சுற்றி எங்கள் ஐயா பார்த்த தொழிலுக்கே வந்திருக்கிறேன், அதுவும் அவர் ஒப்புக்கொள்ள மாட்டாத விதத்தில்.

ஐயா 1933இல் பதினைந்து வயதில் ரங்கூனுக்குக் கப்பல் ஏறியவர். எங்களுடையது பெரிய வீடு இல்லை. இன்னொருவர் கடைக்குப் பெட்டியடிப் பையனாகப் போனார். நகரத்தார் வட்டிக்கடைகளில் மேலே ஏஜெண்டு, அவருக்குக் கீழே அடுத்தாள், கடைசியில் பெட்டியடிப் பையன். மூன்று வருஷம் ஒரு கணக்கு. போகுமுன் சம்பளச் சீட்டு எழுதி, வீட்டுச் செலவுக்கு ஒரு பகுதியை முன்னாலேயே கொடுத்துவிடுவார்கள். மூன்று வருஷம் கழித்து ஐந்தொகை என்கிற மொத்தக் கணக்கு எடுத்து, கணக்கை அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்ப வேண்டும். அன்றைய பர்மாவில் 1,650 செட்டியார் கடைகள் இருந்ததாக 1930ஐ ஒட்டிய வங்கி விசாரணைக் குழு கணக்கெடுத்திருக்கிறது. அத்தனை கடைக்கும் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றி அனுப்பிக்கொண்டிருந்தது இந்த வறண்ட பூமியில் இருக்கிற சில டஜன் ஊர்கள். கெல்லியும் கோல்ட்ஷ்மெடிங்கும் அதற்கெல்லாம் பிற்பாடு வந்தவர்கள்.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. ஐயாவின் கழுத்தில் ஒரு பெயரும் சீட்டில் ஒரு பெயரும் இல்லை. ரங்கூன் மொகல் தெருவில் யார் கேட்டாலும் இன்ன கடை விலாசத்துப் பையன் என்று ஒரே பதில்தான்.

நான் சின்னப் பையனாக இருந்தபோது கைமாற்றாக யாருக்காவது ஐந்து ரூபாய் கொடுத்தேன் என்றால், ஐயா எவ்வளவு என்று கேட்க மாட்டார். "எப்ப வரும்?" என்பார். அவர் அப்படிக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. 1930களில் நெல் விலை விழுந்தபோது பர்மா விவசாயிகளால் கடனைத் திருப்ப முடியவில்லை. பணம் வர வேண்டிய இடத்தில் நிலம் வந்தது. 1930இல் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் ஆறு சதவீதம். 1937 வாக்கில் கால் பங்கு. வெளியே இருந்து பார்த்தவர்களுக்கு அது பேராசையாகத் தெரிந்தது. பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையனுக்குப் பெட்டி காலியாவது தெரிந்தது. 1942இல் ஜப்பான்காரன் வந்ததும் ஐயா நடந்தே வந்து சேர்ந்தார். அதைப் பற்றி மட்டும் வாய் திறந்ததில்லை. சுதந்திரத்துக்குப் பிறகு பர்மா அரசு நிலத்தையும் எடுத்துக்கொண்டது.

எனக்கு அந்த 'எப்ப வரும்' 2017இல் உறைத்தது. பக்கத்து மாவட்டத்தில் ஒரு ஆஸ்பத்திரிக்கு 62 பேர் அனுப்பியிருந்தேன். ஒப்பந்தத்தில் முப்பது நாள். அது அறுபதாகி, தொண்ணூறாகி, நூற்றுப்பத்து நாள் வரை போயிற்று. அந்த ஜூலையில்தான் ஜி.எஸ்.டி. வந்தது. கணக்குப் பிரிவில் போய் நின்றால், "சார் மீட்டிங்ல இருக்காங்க". இரண்டாவது முறை, "புது சாஃப்ட்வேர், பில் ஏற மாட்டேங்குது". மூன்றாவது முறை போனபோது வரவேற்பில் இருந்த பெண், என் ஆள்தான், நான் சம்பளம் கொடுக்கிற பெண், என்னைப் பார்த்து, "அண்ணே, உக்காருங்க, தண்ணி தரவா?" என்றாள். அவளுக்கு அந்த மாதச் சம்பளம் இன்னும் போகவில்லை. நான் தண்ணீரை வாங்கிக் குடித்தேன்.

அந்த மாதம் சம்பளம் பத்தொன்பதாம் தேதி போட்டேன். காரை விற்று, மனைவி நகையை வைத்து. பத்தாம் தேதி வாக்கில் செக்காலை ரோட்டில் என் ஆபீஸ் படியில் பதினேழு பேர் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். யாரும் சத்தம் போடவில்லை. வயதான ஒரு அம்மா மட்டும் உள்ளே வந்து, "தம்பி, சம்பளம் எப்பனாலும் குடு. இப்ப கேஸ் சிலிண்டருக்கு ஒரு ஐநூறு மட்டும் குடு" என்றார்.

இங்கே ஒன்றை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். அப்போது நடப்பில் இருந்த 1970ஆம் வருஷ ஒப்பந்தத் தொழிலாளர் சட்டப்படி, காண்ட்ராக்டர் சம்பளம் கொடுக்கத் தவறினால், வேலை வாங்கிய நிறுவனமே கொடுக்க வேண்டும். எனக்கு அது தெரியும். படியில் உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நேராக ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றிருப்பார்கள், அவர்களுக்கு மறுநாளே பணம் கிடைத்திருக்கலாம், எனக்கு ஆர்டர் போயிருக்கும். இப்போது வேலைக்கு எடுக்கும்போதே அந்த விதியைத் தமிழில் அடித்துக் கையில் கொடுத்துவிடுகிறேன். இரண்டு வாடிக்கைக்காரர்களுக்கு அது பிடிக்கவில்லை, விலகிக்கொண்டார்கள்.

ஆள் தொழிலில் நம் பக்கத்துக்கு இன்னொரு பாட்டனும் உண்டு, பேசப் பிடிக்காத பாட்டன். இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் கூட்டிப்போன கங்காணி. அவன் கூட்டி வந்தவர்கள் வேலைக்கு நின்ற ஒவ்வொரு நாளுக்கும் தலைக்கு இவ்வளவு என்று தோட்டம் அவனுக்குக் காசு கொடுத்தது. என் ஆறு சதவீதத்தை வேறு எப்படிச் சொல்ல? ஆள் வாங்கிய கடன் துண்டுச் சீட்டில் ஏறும். அதைத் தீர்க்காமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. 1921இல்தான் இலங்கையில் சட்டம் போட்டுத் துண்டை ஒழித்தார்கள். என்னிடம் முன்பணம் வாங்கியவர்கள் வேறு ஏஜென்சிக்குப் போனால் நான் தடுப்பதில்லை. ஆனால் போகிறவர் முன்பணத்தை நினைத்து ஒரு நிமிஷம் தயங்கி நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தயக்கம் எனக்கு லாபம் என்பதும் தெரியும்.

சரி, போன மாத ஆர்டருக்கு வருகிறேன். 75 பேர். நல்ல பெயர் உள்ள நிறுவனம். பில் கொடுத்து தொண்ணூறு நாள். என் தாள் கணக்கில் மாதம் 10,46,250. மூன்று மாதத்துக்கு 31 லட்சத்துக்கு மேல் நான் வெளியே விட்டுவைக்க வேண்டும். பெரிய கம்பெனிகள் பலவற்றில் வாடிக்கைக்காரரிடம் பணத்தை வாங்கிக்கொண்டுதான் சம்பளமே போடுவார்கள். அப்படிக் கேட்க அவர்களுக்குப் பெயர் இருக்கிறது. நான் கேட்டால், "வேற ஆள் பாத்துக்குறோம்" என்பார்கள். இருந்தாலும் எழுதி அனுப்பினேன்: முப்பது நாள், இல்லையென்றால் பாதி முன்பணம். "அது வராது, விடுங்க" என்றாள் மனைவி. அவள் நகை இப்போதுதான் வீட்டில் இருக்கிறது. பதில் இன்னும் வரவில்லை.

அதற்கு நடுவில் பள்ளத்தூர் வீட்டிலிருந்து அழைப்பு. ஆச்சி போய்ச் சேர்ந்து ஆறேழு வருஷம் இருக்கும். பேசியது அவருடைய பேரன், பெங்களூரிலிருந்து. முன்னோருக்குப் படைப்பு வைத்திருக்கிறார்களாம், வீட்டைத் திறக்க வேண்டும், எட்டு நாளைக்கு இருபது பேர் வேண்டும். "அட்வான்ஸ் எவ்வளவு போடணும் அங்கிள்?" என்று அவனே கேட்டான். பாதி போடு தம்பி என்றேன். பத்து நிமிஷத்தில் ஜிபேயில் வந்து விழுந்தது.

புளி ஐந்து கிலோ சொல்லியிருக்கிறேன். இந்த முறை ஏழாம் தேதி ஞாயிற்றுக்கிழமை. ஆறாம் தேதியே சம்பளம் ஏற்றிவிட வேண்டும்.